மைஹர் வீட்டு ஆசான்

அலி அக்பர் கானின் சரோத் என்னும் தந்தி வாத்தியத்தையும், ரவிசங்கரின் சிதாரையும், நிகில் பானர்ஜியின் சிதாரையும் அடுத்தடுத்துக் கேட்கும் புதிய ரசிகர் ஒருவர், இம்மூவரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் என்று தாமாக ஊகிப்பது கடினம். அலி அக்பரின் வாசிப்பில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே நீண்ட யோசனை இருக்கும். ரவிசங்கரிடம் தாளக் கணக்கின் துள்ளலும் அவையைத் தன்வசப்படுத்தும் தெளிவும் இருக்கும். நிகிலோ, தாம் ஓர் அவைக்கு முன் அமர்ந்திருப்பதையே மறந்துவிட்டவர்போல ராகத்துக்குள் இறங்கிச் செல்வார். இவர்களோடு அன்னபூர்ணா தேவி வாசித்த, சிதாரைவிடப் பெரிய வாத்தியமான சுர்பஹாரையும் பன்னாலால் கோஷின் புல்லாங்குழலையும் சேர்த்துக்கொண்டால் வியப்பு இன்னும் பெருகும். இவ்வளவு வேறுபட்ட குரல்கள் மைஹர் என்ற சிற்றூரில் ஒரே வீட்டின் கூடத்திலிருந்து எப்படிப் புறப்பட்டன என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது. அந்த வீட்டுக்காரரான உஸ்தாத் அலாவுதீன் கானின் வாழ்க்கையை அந்தக் கேள்வியின் வழியாகவே இங்கு எழுத முயல்கிறேன்.

அவர் பிறந்தது கிழக்கு வங்காளத்தில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் பிராமண்பாரியா வட்டாரத்தின் ஷிப்பூர் கிராமத்தில். பிறந்த ஆண்டைக் குடும்ப மரபு 1862 என்கிறது. ஆய்வாளர்களில் பலர் 1881ஐ ஒட்டிய ஆண்டையே ஏற்கிறார்கள். அவர் நூற்றுப்பத்து வயது வாழ்ந்தார் என்று சிலரும் தொண்ணூறு என்று சிலரும் எழுதுவதற்குக் காரணம் இதுதான். தந்தை சப்தர் ஹுசைன் கான் இசையில் ஈடுபாடு கொண்டவர். ஊரார் அவரைச் சாது கான் என்று அழைத்தார்கள். அண்ணன் அஃப்தாபுதீன் புல்லாங்குழலும் தபலாவும் வாசிப்பார்; பக்கீராகவும் காளி பக்தராகவும் ஒருசேர வாழ்ந்தவர். தம்பி ஆயத் அலி கான் பின்னாளில் சுர்பஹார் கலைஞராகவும் வாத்தியங்களைச் செய்வதில் நுட்பம் மிக்கவராகவும் புகழ்பெற்றார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. ஏறத்தாழப் பத்து வயதில் வீட்டைவிட்டு ஓடி, ஜாத்ரா என்னும் நாட்டுப்புற நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தான். படகோட்டிகளின் பாட்டு, பாவுல் என்னும் நாடோடி ஞானியரின் பாட்டு, கீர்த்தனம் ஆகியவை அங்கே அவன் காதில் விழுந்தன. பிற்காலத்தில் துருபத் என்னும் பழமையான, கடுமையான இசை மரபின் காவலராக அறியப்பட்ட இவர், தமது மெட்டுகளில் வங்காளத்து ஆற்றங்கரையின் நெகிழ்ச்சியைக் கடைசிவரை கைவிடவில்லை.

அடுத்தது கல்கத்தா. ஏழைகளுக்கு இலவசமாக இடும் சோற்றை உண்டு, கிடைத்த இடத்தில் படுத்து, நல்ல குருவைத் தேடித் திரிந்த அந்தச் சிறுவன், நூலோ கோபால் என்று அழைக்கப்பட்ட கோபால கிருஷ்ண பட்டாசார்யா என்ற பாடகரிடம் போய்ச் சேர்ந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் சுரப் பயிற்சிகளை மட்டுமே செய்ய வேண்டும், அதன் பின்னரே பாட்டு என்பது அந்தக் குருவின் நிபந்தனை. நம் மரபில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடித்து ஒரு கீதத்தைத் தொடுவதற்குள் பொறுமை இழக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பன்னிரண்டு ஆண்டு என்பதை அந்த அளவுகோலால் நினைத்துப் பார்க்கலாம். அலாவுதீன் அதை ஏற்றார். இடையில் குடும்பத்தார் கண்டுபிடித்து ஊருக்கு அழைத்துப் போய்த் திருமணமும் செய்துவைத்தார்கள். அவர் மறுபடியும் கல்கத்தாவுக்கே ஓடிவந்தார். ஆனால் பாட்டுப் பாடம் முழுமை பெறும் முன்பே நூலோ கோபால் இறந்துபோனார். அந்த இழப்புக்குப் பிறகு அலாவுதீன் பாடகராகும் எண்ணத்தை விட்டுவிட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். எனினும் அந்தச் சுரப் பயிற்சி வீணாகவில்லை. பிற்காலத்தில் அவர் எந்த வாத்தியத்துக்கு எந்தப் பாடத்தைச் சொன்னாலும் முதலில் அதைத் தம் குரலால்தான் சொன்னார்.

ஸ்டார் தியேட்டரின் இசை இயக்குநரும் சுவாமி விவேகானந்தரின் உறவினருமான அம்ரித்லால் தத் என்ற ஹாபு தத்திடம் சிதார், புல்லாங்குழல், மேண்டலின், பேஞ்சோ போன்றவற்றையும், லோபோ என்ற கோவாக்காரரிடம் மேற்கத்திய முறையில் வயலினையும், ஹஜாரி உஸ்தாதிடம் ஷெனாயையும், நந்தபாபு என்பவரிடம் பக்காவஜ், தபலா ஆகிய தாள வாத்தியங்களையும் கற்றார். இத்தனையும் கைவந்த ஓர் இளைஞனுக்குத் தன்னை மிஞ்ச யாருமில்லை என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தோடுதான் அவர் மைமன்சிங் பகுதியைச் சேர்ந்த முக்தாகாச்சா ஜமீன்தார் ஜகத் கிஷோர் ஆச்சாரியாவின் அவைக்குப் போனார். அங்கே அகமது அலி கான் சரோத் வாசித்ததைக் கேட்டார். அதுவரை தான் கற்றதெல்லாம் எதற்கும் போதாது என்று அந்த இடத்திலேயே உணர்ந்து, அழுது, அவரிடமே சீடராகச் சேர்ந்துகொண்டார். சமையல் முதல் வீட்டு வேலைகள் அனைத்தையும் செய்துகொண்டு அவருடன் சில ஆண்டுகள் வாழ்ந்தார். குரு சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். அவர் தனியே சாதகம் செய்யும்போது வெளியிலிருந்து கேட்டுப் பிடித்துக்கொண்டதே அதிகம் என்று சீடர்களின் வழியே வந்த வரலாறு கூறுகிறது.

அந்தக் காலத்து வட இந்திய வாத்திய மரபில் வித்தை என்பது குடும்பச் சொத்து. மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே உரிய பந்திஷ்கள், அதாவது உருப்படிகள், உண்டு. வெளியாருக்கு அவற்றின் மேற்பரப்பை மட்டும் காட்டி அனுப்பிவிடுவது வழக்கம். இதன் உச்சமாக இருந்தது ராம்பூர் அரசவை. நவாப் ஹமீத் அலி கானின் அவையில் தலைமை இசைக் கலைஞராக இருந்த வஸீர் கான், அக்பர் அவையின் இசை மேதை தான்சேனின் வழித்தோன்றல், பீன் என்னும் ருத்ர வீணையில் ஒப்பற்றவர். அவரது வீட்டு வாசலைக் கடப்பதற்கே ஒரு வங்காளத்து ஏழை இளைஞனுக்கு வழியில்லை. பல மாதங்கள் காத்திருந்து மனம் உடைந்து, உயிரை விடத் துணிந்த நிலையில், நவாபின் வண்டிக்கு முன் பாய்ந்து அதை நிறுத்தி, தம் கோரிக்கையைச் சொன்னார் என்பது அலாவுதீன் தாமே சீடர்களிடம் பலமுறை சொன்ன நிகழ்ச்சி. நவாப் அவரது வாசிப்பைக் கேட்டு, தாமே வஸீர் கானிடம் சிபாரிசு செய்தார். சீடராக ஏற்றுக்கொள்ளும் சடங்கு நடந்தது. ஆனால் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பாடம் கிடைக்கவில்லை. வாசலில் காத்திருப்பதே அன்றாட வேலையாயிற்று. ஊரில் விடப்பட்ட மனைவி மதன்மஞ்சரி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற செய்தி தந்தியில் வந்தபோதுதான் வஸீர் கான் தம் வாசலில் நிற்கும் இந்த மனிதரின் நிலையை முழுமையாக அறிந்தார். அதற்குப் பிறகு அவர் மனம் மாறி, முறையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்போதும் பீனை மட்டும் வெளியாருக்குக் கற்பிப்பதில்லை என்ற குடும்ப விதி நின்றது. ரபாப், சுர்ஸ்ருங்கார் ஆகிய வாத்தியங்களின் வழியாகவும் துருபத் பாடங்களின் வழியாகவும் அந்த மரபின் சாரம் அலாவுதீனுக்குக் கிடைத்தது.

இந்த ராம்பூர் ஆண்டுகளை அவரது விடாமுயற்சிக்குச் சான்றாகப் பலரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூடிய கதவுகளுக்கு வெளியே இவ்வளவு காலம் நின்ற ஒருவர், பிற்காலத்தில் தம் கதவை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைப் பார்க்க வேண்டும். பட்ட துன்பத்தையே அடுத்த தலைமுறைக்கு விதியாக்கும் ஆசிரியர்களை எல்லாத் துறைகளிலும் காண்கிறோம். அலாவுதீன் கான் அப்படிச் செய்யவில்லை. இந்து, முஸ்லிம், ஆண், பெண், உறவினர், அயலார் என்ற வேறுபாடு இன்றி, கற்கும் வெறி உள்ளவருக்குத் தாம் பெற்ற அனைத்தையும் கொடுத்தார். தான்சேன் வழிவந்த வீடுகளில் பூட்டப்பட்டிருந்த வித்தை இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியதற்குத் தனி மனிதர் ஒருவரைக் காரணமாகச் சொல்ல வேண்டுமானால், நான் இவரைத்தான் சொல்வேன்.

1918இல் அவர் மைஹர் சமஸ்தானத்துக்கு அரசவைக் கலைஞராகப் போனார். இன்றைய மத்தியப் பிரதேசத்தில், குன்றின்மேல் சாரதா தேவி கோயிலைக் கொண்ட சிறிய ஊர் அது. மகாராஜா பிரிஜ்நாத் சிங் அவருக்குச் சீடரும் ஆனார். அவர் அங்கே செய்த முதற்பெரும் பணி, சீடர்களின் புகழுக்கு முன்னால் இன்று அதிகம் பேசப்படாமல் போய்விட்டது. கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்து, இசை கற்பித்து, ஒரு வாத்தியக் குழுவை அவர் உருவாக்கினார். மைஹர் பேண்டு என்று பெயர்பெற்ற அந்தக் குழுவில் சிதார், சரோத், இஸ்ராஜ், வயலின், செல்லோ, ஹார்மோனியம், தபலா எல்லாம் ஒன்றாக ஒலித்தன. துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி வரிசையாக அடுக்கி, குச்சிகளால் தட்டி வாசிக்கும் நளதரங்கம் என்ற வாத்தியத்தை அவர் இந்தக் குழுவுக்காகவே அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர் பலர் நூற்றுக்கணக்கான மெட்டுகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். ராகத்தை ஆதாரமாகக் கொண்டு பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் இந்திய வாத்தியக் குழுக்களின் வரலாற்றை எழுதுபவர்கள் மைஹரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் குழு மைஹர் வாத்திய விருந்த் என்ற பெயரில் இன்றும் இயங்கி வருகிறது. கல்வியின் வாய்ப்பே இல்லாத குழந்தைகளோடு அவர் பட்ட பாடுதான் அவரை ஆசிரியராக்கியது என்பது என் எண்ணம். மேதைகள் அவரிடம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி அவர் கற்பித்த முறைக்கு வருகிறேன். விடியலுக்கு வெகுநேரம் முன்பே வீட்டில் சாதகம் தொடங்கிவிடும். முதலில் வாய்ப்பாட்டு, சுர வரிசைகளையும் துருபத்களையும் பாடிக் கைவசப்படுத்திய பிறகே விரல் தந்தியின் மேல் போகும். தாளம் தனியே கற்பிக்கப்பட்டது. தபலாவிலோ பக்காவஜிலோ அடிப்படைப் பயிற்சி இல்லாமல் யாரும் முன்னேற முடியாது. ராகத்தை ஆலாபனையாக விரிக்கும்போது பீனின் நிதானமும், அடுத்து லயம் சேரும் ஜோட் பகுதியில் ரபாபின் அழுத்தமான மீட்டும், கத் என்னும் உருப்படியை வாசிக்கும்போது தாளத்தோடு விளையாடும் கணக்கும் சேர வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. இன்று இந்துஸ்தானி வாத்தியக் கச்சேரி ஒன்றில் நாம் இயல்பாக எதிர்பார்க்கும் வரிசைமுறை, நீண்ட ஆலாபனை, ஜோட், விரைவான ஜாலா, பின்னர் தபலாவோடு மெதுவான விளம்பித கத், வேகமான துரித கத் என்று முழுமை பெற்றதில் மைஹர் மரபின் பங்கு மிகப் பெரியது.

இந்த முறையில்தான் என் கேள்விக்கான விடை ஒளிந்திருக்கிறது. குரலால் கற்பிக்கும் ஆசிரியரிடம் சீடன் பெறுவது ராகத்தின் போக்கை. அதைத் தன் வாத்தியத்தில் எந்த விரலால், எந்த மீட்டால் வெளிக்கொணர்வது என்பதை அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியரின் கையைப் பார்த்து நகலெடுக்க முடியாது. அலாவுதீன் கான் சரோதையும் வயலினையும் இடக்கையால் வாசிப்பவர் என்பதால், அவர் எதிரே அமர்ந்து அவர் கையைப் பார்த்துப் பழகும் வழியும் பெரும்பாலோருக்கு அடைபட்டிருந்தது. இதை ஒரு தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எத்தனையோ ஆசிரியர்களிடம் எத்தனையோ வாத்தியங்களைக் கற்று, எந்த ஒருவரின் பிரதியாகவும் ஆகாமல் தம் இசையை அமைத்துக்கொண்டவர் அவர். சீடர்களையும் அப்படித்தான் வளர்த்தார்.

மகன் அலி அக்பர் 1922இல் ஷிப்பூரில் பிறந்தார். மூன்று வயதில் தொடங்கிய பாடம், நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேர சாதகம் வரை போயிற்று. அவர் கைக்குரிய சரோதையும் தந்தையும் சிற்றப்பா ஆயத் அலியும் சேர்ந்தே மாற்றி அமைத்தார்கள். பழைய சரோதைவிடப் பெரியதும் நீண்டதுமான அந்த வாத்தியத்தில் இருபத்தைந்து தந்திகள். வாசிக்கும் நான்கு தந்திகள், துணைத் தந்திகளான ஜோட் நான்கு, தாளத்துக்கு மீட்டும் சிகாரி இரண்டு, அதிர்ந்து துணை ஒலி தரும் தரப் தந்திகள் பதினைந்து. ஒலி நீண்டு நிற்கும் வாய்ப்பு கூடியதால் சரோதில் பீனைப் போன்ற ஆலாபனை சாத்தியமாயிற்று. அலி அக்பரின் ஒற்றைச் சுரம் அவ்வளவு கனமாக நம் மீது இறங்குவதற்குக் கலைஞரின் மேதைமையோடு அந்த வாத்தியத்தின் அமைப்பும் காரணம்.

மகள் அன்னபூர்ணாவின் கதை துயரத்திலிருந்து தொடங்குகிறது. மூத்த மகள் ஜஹானாராவுக்கு இசை கற்பித்திருந்தார். மணமாகிப் போன இடத்தில் அது பகையாக மாறி, மாமியார் அவளது தம்புராவை எரித்தார். அவள் மனம் நொந்து இளமையிலேயே இறந்தாள். இனி ஒரு பெண்ணுக்குக் கற்பித்து அவள் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டாம் என்று தந்தை முடிவு செய்தார். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாத வேளையில், தவறாக வாசித்த அண்ணனைச் சிறுமி அன்னபூர்ணா பாடித் திருத்திக்கொண்டிருந்ததைத் திரும்பி வந்த தந்தை கேட்டுவிட்டார். அன்றோடு அந்த முடிவு கைவிடப்பட்டது. முதலில் பாட்டு, பிறகு சிதார். பின்னர் அவர் மகளிடம் சுர்பஹாரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்: சிதார் கூட்டத்தை மகிழ்விக்கும், சுர்பஹாரை இசையின் ஆழம் அறிந்தவர் மட்டுமே போற்றுவர், புகழுக்கு ஆசை இல்லாத உனக்குத்தான் இதைத் தர முடியும் என்பது அவர் சொன்னதன் கருத்து. வஸீர் கான் வீட்டுப் பீனின் நிதானம் அந்தக் கனத்த வாத்தியத்தின் வழியே மகளிடம் போய்ச் சேர்ந்தது. அன்னபூர்ணா தேவி பின்னாளில் மேடையை முற்றாக விட்டு விலகி, பம்பாயில் தம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு ஹரிபிரசாத் சௌராசியா, நித்யானந்த் ஹல்திபூர் உள்ளிட்டோருக்குக் கற்பித்து, 2018 அக்டோபர் 13 அன்று மறைந்தார். அவரது தனிவாழ்க்கையைப் பற்றிய ஊகங்களை எழுதுபவர்கள் அவரது ஆசிரியப் பணிக்கு அதில் பாதி இடமாவது கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. தந்தையின் வழியை மிக முழுமையாகத் தொடர்ந்த ஆசிரியர் அவரே. புல்லாங்குழல்காரருக்குச் சுர்பஹார் கலைஞர் கற்பிக்க முடிந்தது, பாடிக் கற்பிக்கும் மைஹர் முறையால்தான்.

ரவிசங்கர் வந்த வழி வேறு. 1935இல் உதய் சங்கரின் நடனக் குழுவோடு அலாவுதீன் கான் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தபோது, அந்தக் குழுவில் ஆடிக்கொண்டிருந்த பதின்ம வயது இளைஞர் ரவி. பாரிசின் பகட்டில் வளர்ந்த அவர், 1938இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மைஹருக்கு வந்து, கயிற்றுக் கட்டிலும் கொசுவும் நிறைந்த வாழ்க்கையை ஏற்றார். ஒருமுறை ஆசான் கடிந்துகொண்டதைத் தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிப் புறப்பட்டவரை அலி அக்பர் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சியை ரவிசங்கரே எழுதியிருக்கிறார். மற்றவர்களிடம் கையை ஓங்கும் ஆசான் அவரை மட்டும் அடித்ததில்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுப் பயிற்சியில் அவரது துறுதுறுப்பு நசுக்கப்படவில்லை; தாளத்தின் நுட்பங்களில் அதற்கு வடிகால் கிடைத்தது.

நிகில் பானர்ஜி மைஹருக்கு வந்தது 1947இல், பதினாறு வயதை எட்டும் பருவத்தில். ஒன்பது வயதிலேயே அகில வங்க சிதார் போட்டியில் வென்றவர். புதிய சீடர்களை ஏற்க மனமில்லாமல் இருந்த ஆசான், வானொலியில் இந்தப் பையனின் வாசிப்பைக் கேட்ட பிறகே இசைந்தார். அதிகாலை நான்கு மணி தொடங்கி இரவு பதினொன்று வரை, சிறு இடைவெளிகளோடு, சாதகம் நடந்ததாக நிகில் நினைவுகூர்ந்திருக்கிறார். ரவிசங்கருக்குச் சொன்ன பாடத்தை ஆசான் இவருக்குச் சொல்லவில்லை. இவரது இயல்பு வேறு என்று கண்டு பாடத்தையும் வேறாக அமைத்தார். ஒரே வாத்தியம், ஒரே வீடு, ஒரே ஆசான். இரண்டு சிதார்களும் தொட்டுக்கொள்ளாத இரண்டு உலகங்கள். நிகில் 1986 ஜனவரி 27 அன்று, ஐம்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். அவர் இன்னும் இருபது ஆண்டு வாசித்திருந்தால் என்ற எண்ணம் அவரது ஒலிப்பதிவு ஒவ்வொன்றையும் கேட்கும்போது எனக்கு எழுகிறது.

பன்னாலால் கோஷும் அதே 1947இல்தான் வந்தார். அப்போதே அவர் பெயர்பெற்ற கலைஞர். பெரிய மூங்கில் குழலை மேடைக்குக் கொண்டுவந்து, புல்லாங்குழலுக்குக் கயால் என்னும் பாட்டு வகையின் ஆழத்தைத் தந்தவர். முப்பது வயதைக் கடந்த, புகழ் வாய்ந்த ஒருவர் மீண்டும் மாணவராக அமர்ந்தார். ஆசான் அவரது பாணியைக் கலைக்காமல் ஆழப்படுத்தினார். இவர்களுக்கெல்லாம் முன்பே வந்து கற்றுச் சென்ற திமிர் பரனும், பெண்கள் சரோதைத் தொடாத காலத்தில் அதை மேடையில் வாசித்த ஷரண் ராணியும் இந்த வரிசையில் சேர்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவரது கோபம் கொடியது. மகனை மரத்தில் கட்டிவைத்து அடித்ததும், பாடம் சரியாக வரும்வரை உணவை மறுத்ததும் அந்தக் குடும்பத்தாரும் சீடர்களும் மறைக்காமல் சொன்னவை. அந்தக் கண்டிப்பினால்தான் மேதைகள் உருவானார்கள் என்று பெருமையோடு எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அடியே மேதையை உருவாக்குமானால், அதே முறையில் அடித்த எண்ணற்ற ஆசிரியர்களின் வீடுகளிலிருந்தும் அலி அக்பர்கள் வந்திருக்க வேண்டும். அடிபடாத ரவிசங்கரும் அதே வீட்டில்தான் வளர்ந்தார். பயன் தந்தது கேட்டுத் திருத்தும் அந்தக் காதும், ஒவ்வொருவரின் இயல்பையும் அறிந்து பாடத்தை மாற்றும் அந்த அறிவும்தான். சீடர்களும் நன்றியோடு நினைவுகூர்ந்தது அவற்றைத்தான். கோபம் தணிந்தபின் அவர் குழந்தையைப்போல் அழுதுவிடுவார் என்றும், சீடர்களின் உணவைத் தாமே கவனித்துக்கொள்வார் என்றும், சந்தைக்குத் தாமே நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவார் என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து வேளை தொழுகையைத் தவறாத அவர் சாரதா தேவியின் பக்தராகவும் இருந்தார். அந்தக் கோயிலுக்குப் போக ஆயிரத்து அறுபத்து மூன்று படிகள். ரோஷனாரா என்ற மகளுக்கு அன்னபூர்ணா என்று மகாராஜா பெயர் சூட்டியதை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றார். சொந்த ஊரான ஷிப்பூரில் பள்ளிவாசலையும் கட்டினார். இரண்டையும் தம் வாழ்க்கையில் முரணாக அவர் கருதவில்லை. பிராமண்பாரியாவில் அவர் பெயரால் அமைந்த இசைக்கூடமும் அருங்காட்சியகமும் 2016இலும் 2021இலும் கலவரக்காரர்களால் தீக்கிரையாயின. அவர் பயன்படுத்திய பொருள்களும் வாத்தியங்களும் அதில் அழிந்தன என்ற செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட வலி இன்னும் ஆறவில்லை.

அவர் தாமே புதிய ராகங்களையும் அமைத்தார். ஹேமந்த், ஹேம் பிஹாக், மாஞ்ச் கமாஜ், சோபாவதி ஆகியவை அவற்றுள் சில. மனைவியின் பெயரால் மதன்மஞ்சரி என்றொரு ராகமும் உண்டு. இந்துஸ்தானி வாத்தியக்காரர்களிடையே மாஞ்ச் கமாஜும் ஹேமந்தும் இன்று யாரோ எப்போதோ அமைத்த பழைய ராகங்களைப்போல நிலைபெற்றுவிட்டன. விருதுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1952இல் சங்கீத நாடக அகாதமி தன் விருதை முதன்முறையாக வழங்கியபோது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், முஷ்தாக் ஹுசைன் கான் ஆகியோரோடு அலாவுதீன் கானும் அதைப் பெற்றார் என்பதைத் தமிழ் வாசகர்கள் விரும்பி நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1958இல் பத்ம பூஷண், 1971இல் பத்ம விபூஷண். அவரது சொந்த வாசிப்பின் ஒலிப்பதிவுகள் அரிது. கிடைப்பவற்றில் முக்கியமானவை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அகில இந்திய வானொலி பதிவு செய்தவை. விரலின் வேகம் தளர்ந்த முதுமையில் எடுக்கப்பட்டவை அவை. ஆனால் ராகத்தின் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அந்த நிச்சயத்தில் ஓர் இடத்தில்கூடத் தளர்ச்சி இல்லை.

1972 செப்டம்பர் 6 அன்று அவர் மைஹரில் காலமானார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 8 அன்று, நியூயார்க்கில் அலி அக்பர் கானும் ரவிசங்கரும் இணைந்து வாசித்தார்கள். தபலாவில் அல்லா ரக்கா. தந்தையையும் குருவையும் இழந்த இருவரும் அன்று எடுத்துக்கொண்ட ராகங்களில் ஹேம் பிஹாக், மாஞ்ச் கமாஜ் இரண்டும் அவர் அமைத்தவை. அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு கிடைக்கிறது; மைஹர் மரபை முதன்முதலாகக் கேட்க விரும்புவோர் அதிலிருந்தே தொடங்கலாம் என்பேன். மாஞ்ச் கமாஜில் ஒருவர் ஒரு சொற்றொடரை வாசித்து நிறுத்த மற்றவர் அதை எடுத்துத் தொடரும் இடங்களைக் கவனியுங்கள். சரோத் அதே சுரக் கோவையைத் தாழ்த்தி, கனமாக்கி, வேறொரு வளைவில் கொண்டு செல்லும். சிதார் அதைப் பிரித்து, தாளத்தோடு கோத்து, ஒளியேற்றித் திருப்பித் தரும். ராகம் ஓர் இடத்திலும் சிதையாது, இரண்டு குரல்களும் ஓர் இடத்திலும் ஒன்றாகிவிடாது.